துளிர்க்காத கல்யாணக்கால்

ஆனி பாதி தாண்டிவிட்டது. வாசலில் நட்ட கல்யாணக்கால் இன்னும் துளிர்க்கவில்லை.

விடிந்ததும் மேனகாவின் கை விளக்குமாற்றைத்தான் தேடும். வாசல் பெருக்குவதாகப் பேர். பெருக்கிக்கொண்டே காலருகே போய்க் குனிந்து, மண்ணிலிருந்து உச்சிவரை ஒரு பார்வை பார்ப்பாள். ஊசிமுனை அளவுக்காவது பச்சை தெரியாதா என்று தேடுவாள். அப்புறம் தண்ணீர் தெளிக்க வருவாள். அப்புறம் கோலம் போட, கோழியைத் திறந்துவிட, காய்ந்த துணியைத் திரும்பக் காயப்போட. ஒரு காலைக்குள் அந்த வாசலுக்கு இத்தனை தடவை வருகிற அளவுக்கு வேலை எதுவும் அந்த வீட்டில் இல்லை என்பது எதிர்வீட்டுக் காவேரிக்கு நன்றாகத் தெரியும்.

“என்ன கண்ணு, கொளுந்து வந்திருச்சா?” என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து வாழவந்தி ஊர் முழுக்கக் கேட்கிற மாதிரி கேட்பாள்.

“இன்னும் இல்லீங்க.”

“வரும் வரும், எங்க போகுது.” அத்தோடு விட்டால் அவள் காவேரி இல்லை. “மழ இல்லாமக் காஞ்சா மழ மேல பழியப் போடலாம். மழதான் நல்லாப் பேயுதே, அதான் ஒரே ரோசனையா இருக்குது.”

மேனகா தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வந்துவிடுவாள். அடுப்படியில் மாமியார் ராசம்மாள் இருப்பாள். வெளியே பேசியது எல்லாம் அவள் காதிலும் விழுந்திருக்கும். ஆனால் ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். அந்த மௌனத்துக்குக் காவேரியின் வாயே தேவலை என்று மேனகாவுக்குத் தோன்றும்.

அந்த வீட்டு வழக்கம் அப்படி. கல்யாணப் பந்தலில் முதலில் நடுவது கல்யாண முருங்கைக் கிளை. ஆள் உயரத்துக்கு ஒன்றை வெட்டி, முள்ளைச் சீவி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி, உச்சியில் அகல் ஏற்றி நடுவார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் அதைச் சுற்றி வந்து கும்பிடுவார்கள். பந்தலைப் பிரித்த பிறகும் காலைப் பிடுங்குவதில்லை. குத்திய இடத்தில் வேர்விடுகிற மரம் அது. எஸ்டேட்டில் மிளகுக்கொடி ஏற்றுவதற்கு வரிசையாக அதைத்தான் நட்டிருப்பார்கள். ஆடி பிறப்பதற்குள் கால் துளிர்த்துவிட்டால் வந்தவள் ராசிக்காரி. அவளுடைய அப்பா ஆடிக்கு அழைத்துப்போக வரும் நாளில் மாமியார் காலுக்குப் பால் ஊற்றி, மருமகளுக்குப் புதுச்சேலை கட்டி அனுப்புவாள்.

துளிர்க்காவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு வெளியே எங்கும் போய் விசாரிக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள்ளேயே சுகுணா இருந்தாள்.

சுகுணா மூத்த மருமகள். எட்டு வருஷத்துக்கு முன்னால் அவளுக்கு நட்ட கால் அப்படியே பட்டுப்போனது. ஆடிக்குப் பிறந்த வீட்டுக்குப் போனவளைத் தை பிறந்த பிறகுதான் திரும்பக் கூப்பிட்டார்கள், அதுவும் அவள் புருஷன் விஜயகுமார் சண்டை போட்டதால். அதற்குப் பின்னால் அந்த வீட்டில் எது நடந்தாலும் அந்தக் காலின் கணக்கில்தான் சேர்ந்தது. மாமனார் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து படுத்த படுக்கையாகிப் போய்ச் சேர்ந்தது, விஜயகுமார் ஓசூரில் கம்பெனி வேலைக்குப் போய்ப் பொங்கலுக்கு மட்டும் வருவது, பிறந்தது பெண்ணாக இருப்பது, எல்லாமே. அந்தப் பெண்ணை ஏற்காட்டில் ஹாஸ்டலில் விட்டுவிட்டு, சுகுணா விடிந்தால் காப்பித் தோட்டம், பொழுது சாய்ந்தால் மாட்டுக்கொட்டகை என்று இருந்தாள். மேனகாவின் கல்யாணத்தில்கூட அவள் மஞ்சள் தட்டைத் தொடவில்லை. யாரும் தொடாதே என்று சொல்லவில்லை. அவளாகவே சமையல் பக்கம் போய்விட்டாள்.

இதையெல்லாம் மேனகா வந்த ஒரு வாரத்துக்குள் தெரிந்துகொண்டாள். அதிலிருந்து அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றுத் தட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால், மூன்று கவளத்தில் எழுந்து வாசலுக்குப் போவாள். படுத்தால் மழைச் சத்தம் கேட்கும். இந்த மழைக்காவது வராதா என்று இருக்கும்.

ஒருநாள் மத்தியானம் பெரிய மழை அடித்து ஓய்ந்தது. மாவிலை எல்லாம் எப்போதோ உதிர்ந்துவிட்டது. ஒட்டிக்கொண்டிருந்த மஞ்சளும் அன்று கரைந்து போயிற்று. கல்யாணக்கால் முதன்முறையாக வெறும் கொம்பாக நின்றது. மேனகா பக்கத்தில் போனாள். பட்டையில் இலை விழுந்த தழும்புகள் வரிசையாகத் தெரிந்தன. ஒவ்வொரு தழும்பையும் ஒட்டி, சீவிய முள்ளுக்குப் பக்கத்தில், கடுகு மாதிரி ஒரு கண்.

கண் தழும்புக்குக் கீழே இருந்தது.

அவள் அடுத்ததைப் பார்த்தாள். அதற்கடுத்ததையும் பார்த்தாள். எல்லாம் கீழே.

கரடியூரில் அவள் அப்பா ஐயாக்கண்ணு மிளகுக்கு முருங்கைக் கொம்பு நடுகிற ஆள். கொம்புகளைச் சுமந்துபோய்க் குழிக்குக் குழி எடுத்துக் கொடுத்தவள் மேனகா. தழும்பு கீழே, கண் மேலே இருக்க வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு தடவினாலே எது தலை எது அடி என்று அவள் விரலுக்குத் தெரியும். ஆனால் இத்தனை நாள் இதைக் கும்பிட்டாளே தவிர, ஒரு நாளும் கொம்பாகப் பார்க்கவில்லை. இப்போதுதான் கொம்பாகப் பார்த்தாள். தலையை மண்ணுக்குள் புதைத்து, காலை ஆகாயத்தில் நிறுத்தியிருக்கிறார்கள். எப்படித் துளிர்க்கும்?

நட்டவர் ராசம்மாளின் அண்ணன் அங்கப்பன். முறைக்கு மேனகாவுக்குப் பெரியப்பா. வாலிபத்திலேயே மலையை விட்டு இறங்கி அடிவாரத்தில் பந்தல் தொழில் செய்கிறவர். தங்கை வீட்டு விசேஷம் எதுவானாலும் அவர் கைதான் முதல் கை.

சாயங்காலம் அவள் புருஷன் ஜெயபிரகாஷ் ரோட்டோரக் குழாயில் ஜீப்பைக் கழுவிக்கொண்டிருந்தான். டூரிஸ்ட்டுகளை ஏற்றி இறக்கியதில் சக்கரம் எல்லாம் சேறு.

“ஏனுங்க, ஒன்னு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கோவிச்சுக்கற மாதிரி இருந்தாச் சொல்லாத.”

சொன்னாள். துணியைப் பிழிந்துகொண்டிருந்தவன் நிறுத்தினான். பிறகு சிரித்துவிட்டான்.

“தலகீழாவா? மாமன் அன்னைக்குத் தண்ணி போட்டிருந்தாரு, இல்லேங்கல. ஆனா அவ்வளவு போடலியே.”

“வெளையாடாதீங்க. நான் நல்லாப் பாத்துட்டுத்தான் சொல்றேன்.”

“நீ பாத்தது சரியாவே இருக்கட்டும். அத யாரு எங்கம்மாகிட்டச் சொல்றது? மாமன் காதுக்குப் பதிலா எம்மூக்கக் குத்தியிருந்தாலும் நொம்ப அழகா இருக்குதுன்னு சொல்ற ஆளு அது.”

“அப்பத் துளுக்காட்டி?”

“துளுக்காட்டி என்ன, ஆடிக்குப் போயிட்டு வா.”

“எப்ப வாறது?”

அவன் குனிந்து டயரைக் கழுவ ஆரம்பித்தான். அண்ணி எப்போது திரும்பி வந்தாள் என்பது அவனுக்கும் தெரியும். “நான் வந்து கூட்டிக்கறேன்” என்றான். சக்கரத்தைப் பார்த்துத்தான் சொன்னான்.

இரண்டு நாள் மேனகா பொறுத்துப் பார்த்தாள். வாசலுக்குப் போகக்கூடாது என்று தன்னைத்தானே பிடித்து வைத்துக்கொண்டாள். முடியவில்லை. இப்போது முன்னைவிட மோசம். முன்பு தெரியாமல் தவித்தாள். இப்போது மண்ணுக்குள் தலை அழுகிக்கொண்டிருப்பது தெரிந்து தவித்தாள். ஒவ்வொரு மழைக்கும் அந்த அழுகல் ஒரு விரல்கடை மேலே ஏறுவது போலிருந்தது.

சந்தை நாளில் ராசம்மாள் ஏற்காட்டுக்குப் பஸ் ஏறினாள். சுகுணா புல் அறுக்கத் தோட்டத்துக்குப் போனாள். ஜெயபிரகாஷுக்குச் சவாரி. எதிர்வீட்டுக் காவேரி மத்தியானச் சோற்றுக்குப் பின் குறட்டை விடுகிற நேரம்.

மேனகா கடப்பாரையை எடுத்தாள்.

கும்பிட்ட காலைப் பிடுங்கக்கூடாது. அது தெரியாதவள் இல்லை. முதலில் காலைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். “நேரா நிறுத்தத்தான் சாமி எடுக்கறேன்” என்று வாய்க்குள் சொன்னாள். நனைந்த மண் லேசாக விட்டுக்கொடுத்தது. இரண்டு குத்துக் குத்தி, கட்டிப்பிடித்து அசைத்தபோது ஒரு சத்தத்தோடு கையோடு வந்துவிட்டது. மண்ணுக்குள் இருந்த முனை கூராகச் சீவப்பட்டிருந்தது. கறுத்து, வழவழவென்று, முகர முடியாத நாற்றம். வேர் ஒன்றுகூட இல்லை.

அவள் நகத்தால் பட்டையை மேலே மேலே கீறிக்கொண்டு போனாள். கறுப்பு, கறுப்பு, பழுப்பு. அதற்கு மேலே பச்சை. ஈரமான பச்சை.

உயிர் இருந்தது. கொடுவாளை எடுத்து அழுகிய பாகத்தை ஒரே வெட்டில் துண்டாக்கினாள். கொம்பைத் திருப்பிக் குழிக்கு மேலே கொண்டுபோனாள்.

“என்ன பண்ற?”

தலையில் புல்லுக்கட்டோடு சுகுணா நின்றிருந்தாள்.

மேனகாவுக்குக் கொம்பைக் கீழே போடவும் முடியவில்லை, நடவும் முடியவில்லை.

“உனக்கென்ன பைத்தியமா? கால எவளாவது புடுங்குவாளா?” சுகுணா கட்டைத் தொப்பென்று போட்டாள். “அத்தை வந்து பாத்தாங்கன்னா எங்கதைதான் உனக்கும். ஏன், அதவிட மோசம். எனக்காச்சும் அதுவாப் பட்டுப்போச்சு.”

“அக்கா, இது தலகீழா நட்டிருக்குதுங்க்கா.”

“என்னது?”

“பாருங்க. கண்ணு எங்க இருக்குது, தழும்பு எங்க இருக்குது? மெலிசுப் பக்கத்தச் சீவி மண்ணுக்குள்ள எறக்கிட்டாங்க. அடிப்பக்கம் மேல நின்னுச்சு.”

சுகுணா பக்கத்தில் வந்தாள். தோட்டத்தில் கிடந்து காய்த்த கை அவளுடையது. விரலை வைத்ததுமே அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் உடனே எடுக்கவில்லை. ஒவ்வொரு கண்ணாகத் தடவிக்கொண்டே கொம்பின் தடித்த முனைக்கு வந்தாள். அகல் வைத்த இடத்தில் எண்ணெய்க் கறை வட்டமாக இருந்தது. அதிலேயே விரலை வைத்து நின்றாள்.

“எங்கல்யாணத்துலயும் வெளக்கு ஆடவே இல்ல” என்றாள்.

மேனகாவுக்குப் புரியவில்லை.

“அன்னைக்கு நல்ல காத்து. பந்தலே பறக்கற காத்து. வெளக்கு மட்டும் பலகையில வெச்சாப்புல நின்னுச்சு. தடிச்ச பக்கத்த மேல வெச்சு, அது மேல வெச்சாரு. அங்கப்பன் நட்டா அகல் ஆடாதுன்னு எல்லாரும் அவரு கையப் புடிச்சுப் பேசுனாங்க. எனக்கு அப்பப் பெருமையா இருந்துச்சு.”

அவள் புல்லுக்கட்டின் மேல் உட்கார்ந்தாள். அழவில்லை. சிரிக்கவும் இல்லை.

மேனகா சுற்றுமுற்றும் பார்த்தாள். நேரம் போய்க்கொண்டிருந்தது. “அக்கா, யாருகிட்டயும் சொல்லிராதீங்க. உள்ள பச்ச இருக்குது. நேரா நட்டுட்டாத் துளுத்துரும். ஆடிக்கு இன்னும் நாள் இருக்குது. யாருக்கும் தெரியாமயே சரியாயிரும்.”

“துளுத்துரும்?”

“துளுத்துருங்க்கா.”

“துளுத்தா நீ ராசிக்காரி. பால ஊத்தி, சேலையக் கட்டி அனுப்புவாங்க. சரி.” சுகுணா நிமிர்ந்து பார்த்தாள். “அப்ப நானு?”

மேனகாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை நாள் கொம்பையும் தன்னையும் தவிர வேறு எதையும் அவள் நினைத்துப் பார்க்கவில்லை. இருந்தும், குழி ஈரம் காய்வதற்குள் நட்டுவிட வேண்டும் என்றுதான் மனசு பறந்தது.

“உங்களுக்கு நான் அப்பறமா, ஆடி முடிஞ்சு வந்து, மெதுவா அத்தைகிட்ட...”

“எட்டு வருசம் கண்ணு. மெதுவாவா?”

சுகுணா எழுந்தாள். மேனகாவின் கையிலிருந்து கொம்பை வாங்கிக்கொண்டு போய், வாசற்படிக்குக் குறுக்கே கிடத்தினாள். தாண்டாமல் யாரும் வீட்டுக்குள் போக முடியாது. பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டாள்.

“அக்கா, வேண்டாமுங்க. கும்புடறேன். வெயில்ல கெடந்தா இருக்கற உசுரும் போயிரும்.”

“வெயிலு எங்க இருக்குது? மூட்டமாத்தான் இருக்குது. உக்காரு.”

மேனகா உட்காரவில்லை. குழிக்கும் படிக்குமாக நடந்தாள். கொம்பின் மேல் ஈரச்சாக்கைக் கொண்டுவந்து போர்த்தினாள். ரோட்டுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பஸ் வரக்கூடாது என்றும் இருந்தது, வந்து தொலைந்தால் போதும் என்றும் இருந்தது. ஒருதரம் கொம்பின் நுனியைப் பிடித்து மெல்ல இழுத்துப் பார்த்தாள். சுகுணா மறுமுனையில் கையை வைத்திருந்தாள்.

பஸ் வந்தது. ராசம்மாள் பையோடு இறங்கினாள். அவளுக்குப் பின்னால் தோளில் ஒரு பலாப்பழத்தோடு அங்கப்பனும் இறங்கினார்.

படிக்குக் குறுக்கே கிடந்ததைப் பார்த்ததும் ராசம்மாளின் கையிலிருந்த பை நழுவியது. தக்காளி உருண்டது.

“யாருடி புடுங்குனது?”

“நாந்தானுங்க அத்தை” என்றாள் மேனகா.

“அடிப் பாவி! கல்யாணக்காலடி அது! அண்ணா, பாத்தீங்களா, இவ...”

“அவளத் திட்டறது இருக்கட்டும். பெரியப்பா, ஒரு நிமிசம் வாங்க” என்றாள் சுகுணா. அவள் அவரை நேருக்கு நேர் பார்த்துப் பேசி அந்த வீட்டில் யாரும் கண்டதில்லை. “இதுல தல எது, அடி எதுன்னு சொல்லுங்க.”

அங்கப்பன் பலாப்பழத்தை இறக்கி வைத்தார். “இதென்ன கேள்வி? தடிச்சது மேல. மெலிசு கீழ. அப்பத்தான் அகல் நிக்கும். நான் இன்னைக்கு நேத்தா நடறேன்? அடிவாரத்துல எத்தன பந்தல் போட்டிருக்கறேன், ஒரு பந்தல்ல வெளக்குச் சாஞ்சிருக்குதா?”

“அங்க கல்யாணம் முடிஞ்சா என்ன பண்ணுவீங்க கால?” என்றாள் சுகுணா.

“புடுங்கி ஏரியில உடுவம். வேற என்ன பண்ணுவாங்க?”

சொல்லி முடித்த பிறகு அவருக்கே ஏதோ உறைத்தது. தங்கையைப் பார்த்தார்.

ராசம்மாள் குனிந்து ஈரச்சாக்கை விலக்கினாள். மிளகுத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொம்பு நட்டவள் அவள். கட்டைவிரல் தானாகவே தழும்பைத் தேடிப் போயிற்று. கண்ணைத் தொட்டது. நின்றது. அடுத்த கண்ணைத் தொட்டது.

“பெரியவளுக்கும் இப்படித்தான் வெச்சியா?” என்று கேட்டாள். அண்ணனை அவள் அப்படி ஒருமையில் அதட்டிக் கேட்டதும் மேனகாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“எல்லாத்துக்கும் அப்படித்தான் வெக்கறது. அகலுக்கு...”

“அகலுக்கு” என்றாள் ராசம்மாள்.

அங்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டார். “நல்லது பண்ண வந்தவனுக்கு இதுவும் வேணும், இன்னமும் வேணும்” என்று சொல்லிக்கொண்டே ரோட்டுப் பக்கம் நடந்தார். போன பஸ் திரும்பி வர நேரமாகும் என்பது அவருக்கும் தெரியும். யாரும் கூப்பிடவில்லை.

ராசம்மாள் சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். கொம்பைத் தூக்கினாள். குழியருகே கொண்டுபோய் நிறுத்தி, “சுகுணா, வந்து புடி” என்றாள். “நீ புடி, நான் மண்ணு தள்றேன்.”

சுகுணா படியிலிருந்து எழவில்லை. “நான் தொட மாட்டனுங்க. இது மொளைக்காமப் போனா அதுவும் எந்தலையிலதான் விடியும்.”

மேனகா ஓடிப்போய்க் கொம்பைப் பிடித்துக்கொண்டாள். இந்த முறை கண் மேலே. மாமியார் மண்ணைத் தள்ளித் தள்ளிக் காலால் மிதித்தாள். மிதிக்கும்போதே பேசினாள், யாரையும் பார்க்காமல்.

“துளுத்தாலும் சரி, துளுக்காட்டியும் சரி. ஆடிக்கு உங்கொப்பன் வந்தாச் சேலை கட்டித்தான் அனுப்புவேன். பதினெட்டு கழிஞ்சதும் உன்னைய வந்து கூட்டிக்கறோம்.”

மேனகா இத்தனை நாள் காத்திருந்த சொல் இவ்வளவு சாதாரணமாக, மண் தள்ளுகிற மூச்சோடு மூச்சாக வந்துவிட்டது. ஆனால் வந்தும் அவளுக்கு நிம்மதி இல்லை. படியில் உட்கார்ந்திருந்தவளைத் திரும்பிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

ராசம்மாளும் பார்த்தாள். “உனக்கும் ஒரு சேலை எடுத்தர்றேன். அந்த வருசம் எடுக்காதது.”

“எனக்குச் சேலை வேண்டாமுங்க.”

“பின்ன என்னதான் வேணும்கற?”

சுகுணா எதிர்வீட்டைக் கையால் காட்டினாள். “அங்க சொல்லுங்க.”

ராசம்மாள் கையில் ஒட்டியிருந்த மண்ணைத் தேய்த்தாள். உருண்டு கிடந்த தக்காளிகளைப் பொறுக்கப் போகிறவள் போல இரண்டடி வைத்தாள். பிறகு திரும்பி வேலிக்குப் போனாள்.

“ஏ காவேரி! தூங்கறியா?”

“ஏனக்கா, என்ன சத்தம்?” காவேரி முந்தானையைச் சரிசெய்துகொண்டு வெளியே வந்தாள். கல்யாணக்காலைச் சுற்றிப் புது மண் கிடப்பதை அவள் கண் அதற்குள் பார்த்துவிட்டது.

“இந்தக் கால எங்கண்ணன் தலகீழா நட்டுப்போட்டான்.”

“ஐயோ! அங்கப்பண்ணனா?”

“ஆமா. இது மட்டும்னு இல்ல.” ராசம்மாளின் குரல் இறங்கிவிட்டது. “பெரியவளுதும் அப்படித்தான் நட்டது. கொம்பு மேல தப்பு. அவ மேல ஒன்னுமில்ல.”

“என்னதுக்கா? கேக்கலியே!”

காவேரிக்கு நிஜமாகவே கேட்கவில்லையா, இல்லை இன்னொருமுறை கேட்க ஆசையா என்று சொல்ல முடியாது. மேனகா கொம்பை விடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள். மண் இறுகிவிட்டது, இனிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆனாலும் கையை எடுக்கத் தோன்றவில்லை.

படியில் சுகுணா எழுந்து நின்றாள்.

“அவங்களுக்குக் கேக்கலியாமுங்க அத்தை” என்றாள். “இன்னொருக்காச் சொல்லுங்க. நல்லாச் சத்தமா.”